ஒரு மைக்ரோஸ்கோப்பின் வலது கண்

அந்த வாரம் பூராவும் டாக்டரம்மாவிடம் காதைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள்தான் அதிகம். முதலில் பாங்க் மேனேஜர் வந்தார். அப்புறம் பள்ளிக்கூடத்து வாத்தியார். அதற்கப்புறம் ஒரு கல்யாண மாப்பிள்ளை; காதில் பிளாஸ்திரியோடு போட்டோவுக்கு எப்படி நிற்பேன் என்று அழாத குறை. எல்லாருக்கும் வலது காது, எல்லாருக்கும் ஒரே மாதிரி வெட்டு. வலது காதுக்கு மட்டும் பரவுகிற வியாதியை டாக்டரம்மா எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. எங்கேயப்பா முடி வெட்டிக்கொண்டாய் என்று மாப்பிள்ளையிடம் கேட்டார். எதிர்த்த சலூனில்தான் என்றான்.

டாக்டரம்மா அப்படியே தெருவைத் தாண்டிப் போனார். சலூன்காரர் ஒரு கையில் கத்தியும் இன்னொரு கையில் ஈரத்துணியுமாக நின்றிருந்தார். நாற்காலியில் ஒரு ஆள் பாதி மீசையோடு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். தன் வலது காதுக்கு என்ன ஆபத்து காத்திருக்கிறது என்று அந்த அப்பாவிக்குத் தெரியாது.

"என்னண்ணே, ஊர்ல ஒருத்தர் காதையும் விட்டுவைக்க மாட்டீங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"அதை ஏன் கேக்கறீங்க டாக்டரம்மா. கண்ணுக்கு முன்னாடி ஒரு கறுப்புத் துணி தொங்குற மாதிரி இருக்கு. கண்ணாடிதான் அழுக்குன்னு தொடச்சு தொடச்சுப் பாக்கறேன், போவேனாங்குது."

கத்தியைப் பிடுங்கி வைத்துவிட்டு ஆளைக் கையோடு கிளினிக்குக்கு இழுத்து வந்து, கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். வலது கண்ணின் உள்திரை சுவரை விட்டுக் கழன்றுகொண்டிருந்தது. நடுவில் இருக்கிற முக்கியமான இடம் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதுவும் கழன்றால் அந்தக் கண் போனது போனதுதான். நாளை விடிவதற்குள் கத்தி வைத்தால் தப்பும். விஷயத்தைச் சொன்னதும் சலூன்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அவர் மனைவி கடையைப் பூட்டிவிட்டு ஓடி வந்தார்.

முன்னெல்லாம் என்றால் ஒரு துண்டுத் தாளில் இரண்டு வரி கிறுக்கிக் கையில் கொடுத்து, ஓடுங்கள் என்று சொன்னால் வேலை முடிந்தது. இப்போது அது குற்றம். போன வருஷம் 'ஒருங்கிணைந்த மின்பரிந்துரை மற்றும் காப்பீட்டு ஒப்புதல் மையம்' என்று ஒன்றைத் திறந்தார்கள். பேரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு சாதாரண ஜுரம் தானே இறங்கிவிடும் என்பதால் எல்லாரும் சுருக்கமாக மையம் என்றார்கள். எந்த டாக்டரும் எந்த நோயாளியையும் இன்னொரு டாக்டரிடம் அனுப்ப வேண்டுமானால் மையத்தின் போர்ட்டல் வழியாகத்தான் அனுப்ப வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் ஒப்புதல் எண் வரும். அந்த எண்ணை அழுத்தினால்தான் ஆபரேஷன் தியேட்டர் கதவே திறக்கும். கதவுக்கே பூட்டுப் போட்டு அந்தப் பூட்டைப் போர்ட்டலோடு கட்டிவிட்டார்கள்.

போர்ட்டலைத் தயாரித்துக் கொடுத்த கம்பெனி அதற்கு முன்னால் சரக்குக் குடோன்களுக்கு மென்பொருள் செய்துகொண்டிருந்த கம்பெனி. முதலில் ஆஸ்பத்திரிக் கருவிகள் பழுதானால் சொல்லி அனுப்ப ஒரு பக்கம் செய்தார்கள். அது பிடித்துப் போய், அதையே பிரதியெடுத்து நடுவில் கேள்விகளைச் செருகி நோயாளிகளுக்கான பக்கமாக்கினார்கள். இரண்டும் ஒரே நீலம், ஒரே கட்டம், ஒரே பொத்தான். வித்தியாசம் கேள்விகளில்தான்.

டாக்டரம்மா கோட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பழுதான கண் எது என்று போர்ட்டல் கேட்டது. இடது, வலது, நடு, பொருந்தாது என்று நான்கு விடைகள். வலது என்று போட்டார். நோயாளி கர்ப்பமாக இருக்கிறாரா என்று கேட்டது. இல்லை என்று போட்டார். ஆதாரம் இணைக்கவும் என்றது. ஐம்பத்து நாலு வயசு ஆம்பிளையப்பா என்று டாக்டரம்மா திரையைப் பார்த்துக் கத்தினார். திரைக்குக் காது கிடையாது. கடைசியில் சலூன்காரர் ஒரு குப்பியோடு கழிவறைக்குப் போய்த் தலையைக் குனிந்துகொண்டு திரும்பினார். நர்ஸ் பரிசோதனையைச் செய்து படம் பிடித்து ஏற்றினாள். என்ன முடிவு வந்தது என்று சலூன்காரர் மனைவி கேட்டார். இல்லையாம் என்று நர்ஸ் சொன்னதும், "அதுவாவது நல்லபடியா முடிஞ்சுதே" என்றார் அந்த அம்மாள்.

அடுத்தது அடையாளச் சரிபார்ப்பு. சிகிச்சைக்குரிய கண்ணைக் காமிராவில் காட்டச் சொன்னது. காட்டினார்கள். 'இந்தக் கண்ணில் குறைபாடு உள்ளது. குறைபாடற்ற கண்ணுடன் மீண்டும் வரவும்' என்று சிவப்பில் எழுதியது. சரி என்று இடது கண்ணைக் காட்டினார்கள். 'இது சிகிச்சைக்குரிய கண் அல்ல' என்றது. சலூன்காரர் இரண்டு கண்ணையும் மாறி மாறிக் காட்டிக் கழுத்து வலி கண்டார். அதையும் உடல்நலக் குறிப்பில் சேர்க்கலாமா என்று போர்ட்டல் அன்போடு விசாரித்தது.

டாக்டரம்மா உதவி எண்ணுக்குப் போன் போட்டார். அரை மணி நேரம் புல்லாங்குழல் வாசித்தார்கள். அப்புறம் ஒரு பெண் தேன் ஒழுகும் குரலில் வந்து, கண் பிரச்சினை இருப்பவர்கள் கண் சரியானதும் விண்ணப்பிப்பதுதான் எளிது, பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள் என்று யோசனை சொன்னாள். காப்பீட்டுப் பிரிவிலிருந்து உத்தரவு வாங்கி வந்தால் கண் காட்டும் கட்டத்தைத் தாண்டி விடலாம் என்றும் சொல்லி, அந்தப் பிரிவுக்கு இணைப்பைத் தந்தாள். அங்கே எடுத்தவன் ரொம்ப மரியாதையான பையன்.

"இப்ப அவருக்குக் கண்ணு தெரியுதா மேடம்?"

பாதி தெரிகிறது என்றார் டாக்டரம்மா.

"தெரியுதுன்னா இழப்பு இல்லையே மேடம். இழப்பே இல்லாம க்ளெய்ம் எப்படிக் குடுக்கறது?"

அப்படியானால் முழுசாகப் போன பிறகு வரட்டுமா என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப வந்தா ஏற்கனவே இருந்த குறைன்னு ஆயிடும் மேடம். அதுக்கும் விதியில இடமில்லை. போயிட்டிருக்கும்போதே வரணும்."

"போயிட்டுத்தான்யா இருக்கு."

"அதான் மேடம் கேக்கறேன். இப்ப தெரியுதா?"

டாக்டரம்மா போனை வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். வெளியே பெஞ்சில் சலூன்காரர் ஒரு கையால் இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் முழு மாசமும் தெரிந்தது, இப்போது பாதிதான் தெரிகிறது என்று மனைவியிடம் மெதுவாகச் சொன்னார். அது டாக்டரம்மா காதில் விழுந்தது.

கூடப் படித்த கண் சர்ஜனுக்கு நேரே போன் போட்டார். அவன் முதல் மணியிலேயே எடுத்தான். எடுக்காமல் என்ன செய்வான், மையம் வந்ததிலிருந்து அவனிடம் ஒரு நோயாளியும் போய்ச் சேரவில்லை. கத்தியெல்லாம் பளபளவென்று துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஈ ஓட்டிக்கிட்டிருக்கேன்னு சொல்லலாம்னா, ஒப்புதல் எண் இல்லாம ஈ கூட உள்ள வர முடியல. நீ எந்த எண்ணையாவது வாங்கி அனுப்பு. கதவு தொறந்தா போதும், மிச்சத்தை நான் பாத்துக்கறேன்," என்றான்.

டாக்டரம்மா மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். சாயங்காலமாகிவிட்டது. மத்தியானம் சாப்பிடவில்லை. இந்த முறை பழைய கேள்விகள் ஒன்றும் வரவில்லை. பொருளின் விவரம், பழுது என்ன, வயது, எங்கே போக வேண்டும், இவ்வளவுதான் கேட்டது. அட, புத்தி வந்துவிட்டது போலிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு மளமளவென்று அடித்தார். வலது பக்க உள்திரை கழன்றுவிட்டது. ஐம்பத்து நாலு வருஷம். மிக அவசரம். கண் ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டர். பொத்தானைத் தட்டினார். தட்டின விரலை எடுப்பதற்குள் பச்சை விளக்கு எரிந்தது. ஒப்புதல் எண் வந்தது. வண்டி கிளம்பிவிட்டது என்றது. காப்பீடு முழுசாக ஏற்கப்பட்டது என்றது. இந்த அருமையான பொருளைப் பராமரிப்பதற்கு நன்றி என்றது.

பொருள் என்ற வார்த்தை அப்போதுதான் டாக்டரம்மாவுக்கு உறுத்தியது. கண்ணாடியைத் தூக்கிவிட்டுத் திரையின் உச்சியைப் பார்த்தார். 'பழுதடைந்த கருவிகள்' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, காலையில் நர்ஸ் அடித்துவிட்டுப் பாதியில் விட்டது, 'மைக்ரோஸ்கோப்' என்று இருந்தது.

சலூன்காரர் மைக்ரோஸ்கோப்பாகிவிட்டார்.

நர்ஸ் எட்டிப் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ரத்து செய்யவா மேடம் என்று கை நீட்டினாள். மையத்தை ஏமாற்றினால் டாக்டர் லைசென்ஸையே பறிப்பார்கள். அது அவளுக்கும் தெரியும், டாக்டரம்மாவுக்கும் தெரியும். டாக்டரம்மா பெஞ்சைப் பார்த்தார். சலூன்காரர் இப்போது காலண்டரைப் பார்க்கக்கூட இல்லை.

"கையை எடுடி. வர்றது வரட்டும்," என்றார்.

வண்டியில் இரண்டு பேர் வந்தார்கள். தள்ளுவண்டி, கயிறு, பொதிகிற பிளாஸ்டிக் சுருள் எல்லாம் இருந்தது. மைக்ரோஸ்கோப் எங்கே என்று கேட்டார்கள். இதோ, பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது என்று டாக்டரம்மா காட்டினார். பெரியவன் சலூன்காரரை மேலும் கீழும் பார்த்தான். அவன் சிரிக்கவில்லை, மலைக்கவுமில்லை. கருவி என்று தாளில் இருந்தால் அவனுக்கு அது கருவிதான். 'கவனம், உடையக்கூடியது' என்று ஒரு ஸ்டிக்கரைச் சட்டையில் ஒட்டினான். 'இந்தப் பக்கம் மேலே' என்று அம்புக்குறி போட்ட இன்னொன்றை நெற்றியில் ஒட்டப் போனான். நெற்றி வேண்டாம், கண்ணுக்குப் பக்கம் என்று டாக்டரம்மா கெஞ்சியதால் முதுகில் ஒட்டினான்.

தானே நடந்து வந்து ஏறிக்கொள்கிறேன் என்றார் சலூன்காரர். கருவி நடக்கக் கூடாது, வழியில் சேதமானால் யார் பதில் சொல்வது என்று தூக்கித் தள்ளுவண்டியில் வைத்தார்கள். மனைவி நானும் வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கூட வர்ற உதிரி பாகம்னு எழுதிக்கலாம்," என்றான் சின்னவன்.

"எழுதிக்கப்பா. இவருக்கு வாக்கப்பட்ட நாள்லேர்ந்து அப்படித்தான் நடத்துறாரு," என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் ஏறி உட்கார்ந்தார். பொதிகிற பிளாஸ்டிக்கில் இருக்கிற கொப்புளங்களைப் போகிற வழியெல்லாம் பட் பட்டென்று உடைத்துக்கொண்டே போனாராம்.

எண்ணை அழுத்தியதும் தியேட்டர் கதவு திறந்தது. கதவு ஆளா பொருளா என்று பார்க்கவில்லை, எண்ணைத்தான் பார்த்தது. சர்ஜன் பசி கண்டவன் இலையைப் பார்த்த மாதிரி கண்ணைப் பார்த்தான். விடிவதற்குள் திரை ஒட்டிவிட்டது. கட்டு அவிழ்த்த அன்று சலூன்காரர் இடது கண்ணை மூடிக்கொண்டு, எதிரே நின்ற டாக்டரம்மாவை வலது கண்ணால் மட்டும் பார்த்து, உங்கள் காதோரம் நரைக்க ஆரம்பித்துவிட்டதே என்றார். டாக்டரம்மா சிரிக்கப் போய் அழுதுவிட்டார். அத்தனை சந்தோஷம். போர்ட்டலில் ஒரு சான்றிதழும் வந்தது. மைக்ரோஸ்கோப் சரிசெய்யப்பட்டது, ஈரம் படாமல் வைக்கவும், ஒரு வருஷ உத்தரவாதம்.

இந்த மாதிரி சேதியை யாரால் வயிற்றுக்குள் வைத்திருக்க முடியும். சர்ஜன் தன் மச்சானான இருதய டாக்டரிடம் சொன்னான். மச்சான் இன்னொருவரிடம் சொன்னான். பத்துப் பேர் காதுக்குப் போனதும் ஊரே கருவியாகிவிட்டது. இருதயக்காரர்கள் எல்லாம் தண்ணீர் பம்ப் என்று போனார்கள். வயிறு உப்பியவர்கள் வாஷிங் மெஷின். பாங்க் மேனேஜர் வயசான காலத்தில் சிறுநீர் சொட்டுச் சொட்டாக வருகிறதென்று குழாயாகப் போய் மறுநாளே திரும்பினார். இரட்டைப் பிள்ளையோடு இருந்த வாத்தியார் மகளை என்னவென்று எழுதுவது என்று எல்லாரும் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் 'உள்ளே இரண்டு சாமான் சிக்கிய பீரோ' என்று அனுப்பினார்கள். மூன்று பேரும் சௌக்கியம். வண்டிக்காரர்கள்தான் பாவம், முந்தாநாள் ஏற்றின ஒரு ஃபிரிட்ஜ் வழிநெடுகப் பாட்டுப் பாடியது என்று அலுத்துக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில்தான் டாக்டரம்மாவுக்கு மையத்திலிருந்து அழைப்பு வந்தது. விழாவுக்கு வரவும், விழா முடிந்ததும் இயக்குநரைத் தனியே சந்திக்கவும் என்று இருந்தது. அந்தத் 'தனியே' என்ற வார்த்தையை டாக்டரம்மா மூன்று முறை படித்தார். வீட்டுக்காரர், போனதும் மன்னிப்புக் கேட்டுவிடு, வாயைக் கொடுக்காதே என்று வாசல் வரை வந்து சொல்லி அனுப்பினார். லைசென்ஸ் போனால் எதிர்த்த சலூனில் கத்தி பிடிக்கலாமா என்றுகூட டாக்டரம்மா வழியில் யோசித்துப் பார்த்தார்.

மண்டபம் நிறைய டாக்டர்கள். எல்லாருக்கும் பேயறைந்த மூஞ்சி. இயக்குநர் மேடையேறி மைக்கைத் தட்டினார்.

"நண்பர்களே, சந்தோஷமான சேதி. இந்த வட்டாரத்தில் போன மாதம் கண் நோய்க்கு வந்த பரிந்துரை பூஜ்யம். இருதயத்துக்குப் பூஜ்யம். பிரசவம்கூடப் பூஜ்யம். அதாவது, மக்களுக்கு நோய் வருவதே நின்றுவிட்டது. அதே சமயம் கருவிகள் கெட்டுப்போவது எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது. இதற்கு என்ன அர்த்தம்? டாக்டர்கள் அப்படி உழைக்கிறார்கள். கருவி தேயத் தேய நோய் குறைகிறது. நோயாளிக்கு எதற்கு நூறு கேள்வி என்று சிலர் குறை சொல்கிறார்கள். நூறு கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொல்கிறவனுக்கு உடம்பில் என்ன நோய் இருக்க முடியும்? பதில் சொல்ல முடியாதவன் பாதியிலேயே போய்விடுகிறான். எப்படிப் பார்த்தாலும் பரிந்துரை குறைகிறது. கருவியிடம் நாம் கேள்வி கேட்பதில்லை, ஏனென்றால் கருவி பொய் சொல்லாது."

கைதட்டல் மண்டபத்தைப் பிளந்தது. முக்கியமாகத் தண்ணீர் பம்புகளின் டாக்டர்கள் நன்றாகத் தட்டினார்கள். மிகச் சிறந்த கருவிப் பராமரிப்புக்கான கேடயத்தை டாக்டரம்மாவிடம் கொடுத்தபோது, இயக்குநர் குனிந்து, உள்ளே வாருங்கள் என்று காதோடு சொன்னார்.

அறைக்குள் போனதும் அவர் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளும் போட்டார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் படித்தார்.

"மைக்ரோஸ்கோப். இடத்துக்கு வந்து சேர்ந்ததும் ஒரு கப் டீ கேட்டது. வாங்கிக்கிட்டவங்க யார்னு கேட்டதுக்கு கூட இருந்த உதிரி பாகம் கையெழுத்து போட்டிருக்கு." தாளைக் கீழே வைத்தார். "எல்லாம் எனக்குத் தெரியும் டாக்டர்."

டாக்டரம்மா மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தார். ஆனால் பாதி காலண்டரைப் பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனுஷன் நினைவுக்கு வந்துவிட்டார். வந்த கோபத்தில் வீட்டுக்காரர் சொல்லியனுப்பியது எல்லாம் மறந்து போனது.

"ஆமா சார், நான்தான் செஞ்சேன். செய்யலேன்னா அவர் கண்ணு போயிருக்கும். என்ன வேணா பண்ணிக்குங்க. நாளைக்கே இன்னொருத்தர் அப்படி வந்தா மறுபடியும் செய்வேன்."

"மெதுவாப் பேசுங்க," என்று இயக்குநர் பதறிப்போய் ஜன்னலையும் சாத்தினார். நாற்காலியை டாக்டரம்மா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மேடையில் இருந்த ஆள் எங்கோ போய், வேறு யாரோ உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது.

"எங்கம்மா குளியலறையில விழுந்து இடுப்பெலும்பு ஒடஞ்சு படுத்த படுக்கையா இருக்காங்க. நம்ம போர்ட்டல்லதான் போட்டேன். நூறு கேள்விக்கும் நானே உக்காந்து பதில் எழுதினேன். எழுபதைத் தாண்ட முடியல. ராத்திரியெல்லாம் வலியில முனகறாங்க, கேக்க முடியல டாக்டர்." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "வேற வழியில்லாம மேசைன்னு போட்டேன். வண்டிக்காரங்க பாத்துட்டு, நாலு கால்ல ரெண்டைக் காணோம், முதல்ல திருட்டுப் புகார் குடுத்து அதோட நகலை இணைக்கணும்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு பீறிக்கொண்டு வந்தது. அதே நிமிஷம், எங்கேயோ ஒரு அறையில் புரண்டு படுக்க முடியாமல் கிடக்கிற அந்த அம்மாளையும் நினைத்தார். கேடயத்தைக் கீழே வைத்தார். அம்மாவுக்கு என்ன வயசு, எந்தப் பக்கம் ஒடிந்தது, சர்க்கரை உண்டா, சாப்பிடுகிறார்களா என்று தன் கிளினிக்கில் கேட்கிற மாதிரியே ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். பிறகு மேசைமேல் இருந்த கணினியைத் தன் பக்கம் திருப்பி, நீலப் பக்கத்தைத் திறந்தார்.

"ஏணின்னு போடுங்க சார்," என்றார். "அதுக்கு ரெண்டு கால்தான்."